மேலே பாய, கீழே குதி

'சிக்ஸ் மில்லியன் டொலர் மேன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கிளையான 'பயோனிக் வுமன்', கதாநாயகியைக் கொன்ற பிறகு பிறந்த தொடர். 1975 மார்ச்சில் வந்த இரண்டு பகுதிக் கதையின் முடிவில், உடலில் இயந்திர உறுப்புகள் பொருத்தப்பட்டு அசாத்திய வேகத்தில் ஓடி உயரப் பாயும் நாயகி ஜெய்மி சொமர்ஸ் இறந்துபோனாள். ரசிகர்களின் கடிதங்கள் வந்து குவிய, உடலை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றியதாகக் கதைகட்டி அதே ஆண்டு செப்டம்பரில் எழுப்பினார்கள். 1976 ஜனவரியில் தனித்தொடர். எழுதிய கென்னத் ஜோன்சன்தான் பிறகு 'இன்கிரெடிபிள் ஹல்க்' தொடரையும் உருவாக்கியவர். 1977இல் நாயகி லின்ட்சே வாக்னருக்கு எம்மி விருது. அதே ஆண்டு தொடர் ஏ.பி.சி. அலைவரிசையிலிருந்து என்.பி.சி.க்கு மாறியது, தாய்த்தொடர் ஏ.பி.சி.யிலேயே இருக்க, நாயகியின் மேலதிகாரி ஒஸ்கார் கோல்ட்மனாக நடித்த றிச்சார்ட் அன்டர்சன் ஒரே பாத்திரத்தில் இரண்டு அலைவரிசைகளிலும் தோன்றினார்.

நாயகியின் வேக ஓட்டத்தை மெதுவாகக் காட்டினார்கள். வேகமாக ஓட்டிக் காட்டினால் பழைய ஊமைப்படப் பகிடியாகிவிடும். உயரப் பாய்ச்சல் இன்னும் எளிய தந்திரம்: மேலிருந்து கீழே குதிப்பதைப் படம்பிடித்து, பின்னோக்கி ஓட்டுவது.

கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் போனோடு திரியும் பெடியளும் இதைச் செய்யலாம். இடுப்பளவு மதில் போதும். கீழே மணல் போடவேண்டும். மதிலைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கவேண்டும், வெளியே பார்த்துக் குதித்தால் முதுகு முந்திக்கொண்டு மேலேறும். முழங்காலை மடித்து இறங்கினால், திருப்பி ஓட்டும்போது அது பாய்வதற்குப் பதுங்குவதுபோல இருக்கும். வினாடிக்கு 120 பிரேமில் (அதாவது 120 தனிப்படங்களாக) பிடித்து 30இல் ஓட்டினால், அரை வினாடிக் குதி இரண்டு வினாடியாக நீளும். வெளிச்சம் நிறைய வேண்டும், ஆகவே பகல் வெயில்தான் நல்லது. அறைக்குள் பிடித்தால் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் சில பல்புகள் விட்டுவிட்டு மினுங்கும்.

காட்டிக்கொடுப்பது துணியும் தலைமயிரும். விழும்போது அவை மேலே எழும். திருப்பினால் ஆளுக்கு முன்னால் சாரம் பறக்கும். சாரத்தைத் தவிர்த்து இறுக்கமான காற்சட்டை போடுங்கள், நீள மயிரென்றால் முடிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது நம் கிறவல் புழுதி. கால் பட்டதும் கிளம்பும் செம்மண், திருப்பிப் பார்த்தால் காலை நோக்கிக் கூடிவந்து அடங்கும். பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். படச்சட்டத்துக்குள் தெரியும் நிலம் முழுக்கத் தண்ணீர் தெளிக்கவேண்டும். இறங்குமிடத்தில் மட்டும் தெளித்தால் ஈரத்திட்டு தனியாகத் தெரியும். மாரியில் அந்த வேலை மிச்சம், ஆனால் வழுக்கும்.