அத்தான் கடையை விட்டு ஓடிய கதை

ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் வீட்டுப்பாடம் என்னை ஸ்கூல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் என்று தெரிந்திருந்தால், அன்றைக்கு நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது போல நடித்திருப்பேன்.

அக்கா மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'ரன்' என்ற வினைச்சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும், அப்புறம் அதே ஐந்தையும் 'ரன்'னுக்குப் பதிலாக வேறு சொல் போட்டுத் திருப்பி எழுத வேண்டும். "இதெல்லாம் ஒரு விஷயமா, கொண்டா" என்றேன். ரன், ரேன், ரன் என்று ராகம் போட்டு ஒப்பித்துவிட்டு, "முதலும் மூணாவதும் ஒண்ணாவே இருக்கே, புக்ல தப்பா மாமா?" என்று கேட்டாள். அங்கேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

ஓடு என்றால் ஓடு, ஐந்து பேரை ஓடவிட்டு முடித்திருக்கலாம். மருமகள் முன்னால் கொஞ்சம் அறிவைக் காட்டலாமே என்ற ஆசை யாரை விட்டது? ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதைப் பிரித்து முடிக்க ஒரு மனிதருக்கு ஒன்பது மாதம் ஆனது என்று ஆரம்பித்தேன். அவள் கொட்டாவி விட்டாள். சரி என்று உதாரணத்துக்கு வந்தேன். அப்பா மளிகைக் கடை நடத்துகிறாரே, அதுவும் ரன்தான். பைப்பில் தண்ணீர் வந்தாலும் ரன், பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று வந்தாலும் ரன், சளி பிடித்தால் மூக்கும் ரன் ஆகும்.

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "மூக்கு எங்கெலே ஓடும்? ஒழுகத்தான் செய்யும். கடை ஓடுதுன்னு சொல்லு, அது நாமளும் சொல்லுதோம்லா."

உண்மைதான். இங்கிலீஷ்காரனைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஃபேன் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் 100 நாள் ஓடுகிறது, பிழைப்பு எப்படியோ ஓடுகிறது. இது போதாதென்று கூரையில் ஒரு ஓடு, ஆமை முதுகில் ஒரு ஓடு, நம்மைக் கிண்டல் செய்தால் அதற்குப் பெயரும் ஓட்டுவது. ஆனால் தேர்தல் என்று வந்தால் மட்டும் நாம் நிற்கிறோம். பிரிட்டிஷ்காரனும் நிற்கிறான், அமெரிக்காக்காரன்தான் ஓடுகிறான். எனக்கென்னவோ நிற்பதுதான் மரியாதையாகத் தெரிகிறது, ஓட்டம் எல்லாம் ஜெயித்த பிறகுதானே.

ஐந்தாவது வாக்கியத்துக்கு 'ரன் அவுட்' சொன்னேன். தீர்ந்துபோவது, பால் தீர்ந்துபோச்சு என்பது போல, என்று விளக்கினேன். "கிரிக்கெட் இல்லையா?" என்றாள். அதுவும்தான் என்று சொல்லி, 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் மார்ட்டின் கப்டில் தூரத்திலிருந்து எறிந்த பந்தில் தோனி ரன் அவுட் ஆன கதைக்குப் போய், சரியாக 50 ரன்னில் அவர் தலையைக் குனிந்தபடி வெளியே நடந்ததைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. அந்தச் சோகத்தில்தான் பெரிய தப்பு செய்தேன். வேறு சொற்களை நெட்டில் பார்த்து நீயே போட்டுக்கோ என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஸ்கூலிலிருந்து அழைப்பு. "நீதானே சொல்லிக் கொடுத்தே, நீயே போ" என்றாள் அக்கா.

மிஸ் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சார், தப்பா நினைக்காதீங்க, வீட்ல ஏதாவது கடன் பிரச்சினையா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினார். 'மை ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்' என்று அழகாக எழுதியிருந்தாள். அதற்கு நேர் கீழே, 'மை ஃபாதர் ஃப்ளீஸ் எ ஷாப்'. அதாவது எங்கள் அத்தான் கடையை விட்டுத் தப்பி ஓடுகிறார், அதுவும் தினமும்.

நெட்டில் வரிசையாக வந்த சொற்களை இவள் ரேஷன் மாதிரி ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுவிட்டாள். பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஜாகிங் போகிறது. எங்கள் ஏரியா மினி பஸ்ஸைப் பார்த்தவர்கள் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். மூக்கு 'இஸ் கேலப்பிங்', குதிரை மாதிரி நாலு கால் பாய்ச்சலில். தண்ணீர்ப் பைப்புக்கு 'மேனேஜ்' கிடைத்திருக்கிறது, 'தி டேப் இஸ் மேனேஜிங்'. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற தெருவில் பைப்பும் என்ன செய்யும் பாவம், சமாளிக்கத்தானே வேண்டும். பால் மட்டும் 'ஸ்பிரிண்டட் அவுட்', வீட்டை விட்டே.

கடன் எதுவும் இல்லை, கடை நன்றாகவே ஓடுகிறது என்று மிஸ்ஸிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் நானும் ஓட்டத்தையே சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடைக்கு ஒரு சொல், மூக்குக்கு ஒரு சொல் என்று தனித்தனியாகத்தான் தேட வேண்டும் என்று அவளுக்கு விளக்கினார். 'படம் 100 நாள் ஓடியது' என்பதை 'படம் 100 நாள் விரைந்தது' என்று எழுதுவியா என்று கேட்டதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நான் அரை மணி நேரம் பேசியும் போகாத விஷயம்.

திரும்பி வரும்போது பாலத்து ஏற்றத்தில் ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. காலையிலேயே பெட்ரோல் போட நினைத்தேன், மிஸ் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் மறந்துவிட்டேன். நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். பின்னாலிருந்து குதித்தவள் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள், அப்புறம் நிமிர்ந்து நின்று, முகத்தில் துளி சிரிப்பில்லாமல், அம்பயர் மாதிரி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.