எல்.டி.எச். சொல்வதும் சொல்லாததும்

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் பெர்ரியில் வந்துகொண்டிருந்தபோது தம்பி பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினான். "அண்ணே, எல்.டி.எச். ஏறியிருக்கே, எந்த வகைப் புற்றுன்னு தெரிஞ்சிருச்சா?" அவனுக்கு 28 வயது, வலது விரையில் வலியில்லாத கட்டி. நான் பல ஆண்டுகளாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன் என்பதால், அன்று அவனுக்கு விளக்கியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்.டி.எச். என்பது லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி. அது உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் இருக்கிறது. உயிரணுக்கள் சிதையும்போது இரத்தத்தில் கசிகிறது. ஆகவே அது புற்றின் சுமையை உணர்த்துமே தவிர வகையைச் சொல்லாது. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே அளவு பொய்யாக ஏறிவிடும். அப்படிச் சிவந்துபோன மாதிரிகளை எத்தனையோ முறை நிராகரித்து, மீண்டும் இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் விரைப் புற்றுக்கும் இந்நொதிக்கும் ஓர் உறவு உண்டு. இதன் முதல் வடிவத்தை உருவாக்கும் மரபணு 12ஆம் குரோமோசோமின் குறுங்கை எனப்படும் குட்டையான பகுதியில் உள்ளது. இப்புற்றணுக்களில் பெரும்பாலும் அந்தக் கையே கூடுதலாகப் பெருகியிருக்கும்.

வகையறிய உதவும் நொதி வேறு. நஞ்சுக்கொடியில் உண்டாகும் அல்கலைன் பாஸ்படேஸ், செமினோமா என்னும் வகையின் திசுவில் சாயமேற்றிப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும். இரத்தத்தில் அதை அளப்பது அவ்வளவு நம்பகமானதன்று, ஏனெனில் புகைபிடிப்பவர்களுக்கும் அது ஏறும், தம்பி புகைபிடிப்பவன்.

நொதிகள் அல்லாத இரண்டு குறிப்பான்களே இரத்தத்தில் அதிகம் பேசுகின்றன. ஏ.எஃப்.பி. என்னும் புரதத்தைத் தூய செமினோமா சுரப்பதில்லை. அது கூடியிருந்து, கல்லீரல் நோய் போன்ற வேறு காரணமும் இல்லையென்றால், நுண்ணோக்கியில் செமினோமா மட்டுமே தெரிந்தாலும் மருத்துவர்கள் அதை வேறு வகையாகவே கருதிச் சிகிச்சை தருவார்கள். எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் மிக உயர்ந்திருந்தால் கோரியோகார்சினோமா என்னும் வகையை நினைக்க வேண்டும். செமினோமாவிலும் சிலருக்கு அது சிறிதளவு ஏறுவதுண்டு.

இவற்றை அறுவைக்கு முன்பே அளந்துவைப்பது இன்றியமையாதது. ஏ.எஃப்.பி. பாதியாகக் குறைய 5 முதல் 7 நாள்களும், எச்.சி.ஜி.க்கு ஏறத்தாழ ஒன்றரை நாளும் ஆகும். தொடக்க அளவு தெரியாவிட்டால் அந்த இறக்கத்தைச் சரிபார்க்க வழியில்லை.

தம்பிக்குக் கவட்டைப் பகுதியில் கீறி விரையை அகற்றினார்கள். திசு செமினோமா, ஏ.எஃப்.பி. இயல்பாகவே இருந்தது. சற்றே ஏறியிருந்த எச்.சி.ஜி. நான்காம் வாரப் பரிசோதனையில் இயல்புக்கு வந்திருந்தது, எல்.டி.எச்.சும் இறங்கியிருந்தது.