டிவியில் சத்தம் நின்றபோது

2022 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. பிலடெல்பியாவுக்கு வந்து மூன்றரை மாதம் ஆகியிருந்தது. அண்ணன் மனுப் போட்டு, பதினான்கு வருஷம் காத்திருந்து கிடைத்த விசா. அப்பர் டார்பியில், 69-ஆம் தெரு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடி வீட்டில் இரண்டு அறை. கணவர் இரவு ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் விடிகாலை வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்றாலும், மகள் கேட்டாள் என்பதற்காக ஆஸ்கர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு பத்தரை இருக்கும். நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். நடிகர் வில் ஸ்மித் எழுந்து போனார். ஒரு அறை. திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் வாய் அசைகிறது, டிவியில் சத்தம் இல்லை. நான் ரிமோட்டைக் கையில் தட்டினேன். "அம்மா, டிவி நல்லாத்தான் இருக்கு. அவங்கதான் சத்தத்தை நிறுத்திட்டாங்க" என்றாள் மகள்.

அமெரிக்க ஒளிபரப்பில் கெட்ட வார்த்தையை மறைக்கச் சத்தத்தை வெட்டிவிட்டார்கள். ஆனால் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் வெட்டவில்லை. அந்தத் துண்டு வீடியோ உலகத்தைச் சுற்றி, திண்டுக்கல்லில் இருக்கும் கொழுந்தனார் வழியாக என் போனுக்கு வந்து சேர்ந்தது. அங்கே திங்கட்கிழமை காலை எட்டு மணி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். "பொண்டாட்டியைச் சொன்னா சும்மா இருப்பானா? ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று சித்தப்பா எழுதினார். கீழே வரிசையாகக் கைதட்டல். நானும் ஒரு கைதட்டல் போட்டுவிட்டுப் படுத்தேன்.

எனக்கு அது நம் ஊர்க் கதை மாதிரித்தான் தெரிந்தது. மனைவியின் தலையைப் பார்த்து ஒருத்தன் கேலி பேசினான், புருஷன் போய் அறைந்தான். அவ்வளவுதான். மொட்டைத் தலையோடு ஒரு பெண் ராணுவப் பயிற்சி எடுக்கும் 1997-ஆம் வருஷத்துப் படம் ஒன்று உண்டு, 'ஜி.ஐ. ஜேன்'. வில் ஸ்மித்தின் மனைவி ஜேடா பிங்கெட் ஸ்மித்தைப் பார்த்து, அதன் இரண்டாம் பாகத்தில் உங்களைப் பார்க்கலாமா என்பதுபோலக் கிறிஸ் ராக் சொன்னார். ஜேடாவுக்கு முடி கொட்டும் நோய் இருப்பதை 2018-லேயே அவரே வெளியில் சொல்லியிருந்தார். நாம் புழுவெட்டு என்கிறோமே, அந்த வகையைச் சேர்ந்தது.

மறுநாள் காலை 'எல்' ரயில் பிடித்து, 52-ஆம் தெருவில் இறங்கி பஸ் மாறி, வேலைக்குப் போனேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கட்டு. தட்டு வரிசையில் என் வேலை: யாருக்கு அரைத்த சாப்பாடு, யாருக்கு உப்பில்லாதது, யாருக்குத் தண்ணீரில்கூடக் கெட்டிப்படுத்தும் பொடி கலக்க வேண்டும் என்று சீட்டைப் பார்த்து எடுத்து வைப்பது. எங்கள் கட்டுக்கு மூத்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி, அறுபத்தைந்து வயது இருக்கும். எல்லாரும் அவர் முதல் பெயருக்கு முன்னால் 'மிஸ்' போட்டுக் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் மனத்துக்குள் அக்காதான். ஓட்மீல் கொதிக்கும்போது பழைய பாட்டுகள் பாடுகிற ரேடியோ ஒன்று வைத்திருப்பார். அன்று ரேடியோ அணைந்திருந்தது.

வில் ஸ்மித் இந்த ஊர்ப் பிள்ளை. மேற்கு பிலடெல்பியாவில் வளர்ந்தவர், ஓவர்புரூக் பள்ளியில் படித்தவர். அக்காவின் கடைசித் தங்கையும் அதே பள்ளி. ஜிரார்ட் அவென்யூவில் ஒரு சுவர் முழுக்க அவர் முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். அதனால் பெருமைப்படுவார் என்று நினைத்து, எனக்கு வந்த ஆங்கிலத்தில், "உங்க ஊர்க்காரர் நேத்து நல்ல காரியம் பண்ணினார்" என்றேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "நீ ஒரு ஆள் இன்னொரு ஆளை அடிச்சதைப் பார்த்திருக்கே. நான் எங்களை எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்ததைப் பார்த்தேன்" என்றார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், அன்று பாதி, மறுநாள் பாதி. 1964-இல் சிட்னி பாய்ட்டியே சிறந்த நடிகர் விருது வாங்கினபோது அக்கா சின்னப் பிள்ளை. அவர் அம்மா அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் குளிர்பெட்டி மேல் ஒட்டியிருந்தாராம். பாய்ட்டியே இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை அப்போது, ஜனவரியில்தான் போனார். அவருக்குப் பிறகு அந்த விருதைக் கையில் வாங்க இன்னொரு கறுப்பின நடிகருக்கு 2002 வரை ஆயிற்று, டென்சல் வாஷிங்டன். வில் ஸ்மித் ஐந்தாவது ஆள். அறைந்து சுமார் நாற்பது நிமிஷம் கழித்து, அதே இரவில், அதே அரங்கில் அந்த விருதை வாங்கினார். அந்த நிகழ்ச்சியைத் தயாரித்த குழுவும் முழுக்கக் கறுப்பினத்தவர்கள், ஆஸ்கர் வரலாற்றில் முதல் தடவை. காம்ப்டனில் வீனஸ், செரீனா என்ற இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் டென்னிஸ் பழக்கின ஒரு அப்பாவின் கதைக்குத்தான் அந்த விருது. "இனி அந்த அப்பாவை யாரும் பேச மாட்டாங்க. கையைப் பத்தித்தான் பேசுவாங்க" என்றார் அக்கா.

அவர் சொன்ன பிறகு நானாகத் தேடிப் படித்தேன். 1940-இல் ஹாட்டி மெக்டானியல் என்ற நடிகைக்கு ஆஸ்கர் கிடைத்தது, கறுப்பினத்தவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அதுதான். லாஸ் ஏஞ்சலிஸில் விழா நடந்த ஹோட்டலில் கறுப்பர்களுக்கு இடமில்லை. தனியாக அனுமதி வாங்கித்தான் உள்ளே விட்டார்கள். கூட நடித்தவர்களோடு உட்கார விடாமல், சுவரோரம் தனி மேசை போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் டீக்கடைத் தனிக்குவளை ஞாபகம் வந்தது. விருது கொடுத்தார்கள், உட்கார இடம் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு மேடையில் இத்தனை வருஷம் கழித்து வந்து சேர்ந்து, உலகமே பார்க்க இரண்டு கறுப்பின ஆண்கள் இப்படி நிற்கும்போது அக்காவின் வயிறு ஏன் கலங்கியது என்று அப்போதுதான் பிடிபட்டது.

அவர் பயந்தது வீண் பயம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் மேல்மாடிக்குப் போனோம். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, அறையில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வில் ஸ்மித் அறைந்ததையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "கோட்டு சூட்டு போட்டாலும் இவங்க இப்படித்தான்" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஓட்மீல் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார், ஸ்பூனை அவர் கைக்கு எட்டுகிற பக்கம் வைத்தார், கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டார். தாத்தா என் பக்கம் திரும்பி, "நீ நல்ல பொண்ணு. உங்க ஆளுங்க அப்படி இல்லை" என்றார்.

நான் "தேங்க் யூ" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தை இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது. பழக்கத்தில் வந்தது என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. வீடு தேடினபோது எங்கள் ஆட்களே எத்தனை பேர், "அந்தப் பக்கம் வேண்டாம், அவங்க ஜாஸ்தி" என்று சொன்னார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கருவாச்சி' என்று கூப்பிட்டு அழவிட்ட அதே நாக்கு வழியாக வந்த பேச்சுதான் அது. லிஃப்ட்டில் இறங்கும்போது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "புதுசா வர்ற எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்வாங்க. அடுத்த தடவை வாங்கிக்காதே" என்றார்.

எல்லாக் கறுப்பினத்தவரும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பாத்திரம் கழுவுகிறவர் லைபீரியாவிலிருந்து வந்தவர். அவர் அப்படியே எங்கள் சித்தப்பாவின் கட்சி. வீட்டுக்காரியை அவமானப்படுத்தினால் அடிதான் என்றார். அக்காவும் அவரும் அந்த வாரம் முழுக்கச் சண்டை.

மாடியில் வேலை பார்க்கும் இளம் செவிலி உதவியாளர் ஒருத்தி, இருபத்து நான்கு வயது, அவளுக்கு யார் அடித்தார்கள் என்பதே முக்கியமாகப் படவில்லை. "முடியைச் சொன்னாரே" என்றாள். மாதத்துக்கு ஒரு விதமாக முடி பின்னிக்கொண்டு வருவாள், சில வாரம் விக். அவளுடைய அம்மாவுக்கும் புழுவெட்டு. சின்ன வயதில் தலையில் மருந்துக் களிம்பு போட்டுச் சுருள் முடியை நேராக்கும்போது தோல் வெந்துபோன தழும்பைக் காட்டினாள். முதல் வேலையில், பின்னலை அவிழ்த்துவிட்டு வந்தால்தான் உள்ளே என்று திருப்பி அனுப்பினார்களாம். முடியைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக்கூடாது என்று ஒரு மசோதா, 'கிரவுன் சட்டம்' என்று பெயர், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. முடிக்குச் சட்டம் தேவைப்படுகிற நாடு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது செனட்டைத் தாண்டவில்லை.

இடைவேளையில் அவள் தன் விக்கின் உள்பக்கத் துணியைக் காட்டினாள். 'இந்தியன் ரெமி' என்று இருந்தது. "இது உங்க ஊர் முடியா?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் பழனிக்குப் பக்கத்துக்காரி. பன்னிரண்டு வயதில் அம்மா வேண்டுதலுக்காக முருகனுக்கு முடி இறக்கினேன். சந்தனம் பூசின தலையில் காற்றுப் படும்போது இருந்த குளிர்ச்சி இப்போதும் நினைவிருக்கிறது. இறக்கின முடி எங்கே போகும் என்று நான் யோசித்ததே இல்லை. கோயில் முடி ஏலம் போய், சுத்தமாகி, கப்பலேறி இந்த ஊர்க் கடைகளில் தொங்குகிறது. அவள் அதற்கு இரண்டு வாரச் சம்பளத்தைக் கொடுத்திருந்தாள். நான் கொடுத்தது காணிக்கை என்று சொன்னேன். "கோயிலுக்கா, காசு வாங்காமலா?" என்று கேட்டு, விக்கைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

அவள் சொல்லித்தான் தெரிந்தது, இதே கிறிஸ் ராக் 2009-இல் கறுப்பினப் பெண்களின் முடியைப் பற்றியே ஒரு ஆவணப்படம் எடுத்தவர். தன் சின்ன மகள், எனக்கு ஏன் நல்ல முடி இல்லை என்று கேட்டதிலிருந்து அந்தப் படம் பிறந்ததாம். இந்தியாவுக்கு வந்து, கோயிலில் பெண்கள் மொட்டை போடுவதை எல்லாம் படம் பிடித்திருக்கிறார். ஜேடாவின் நோய் அவருக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு முடி என்றால் என்ன என்று தெரியாதவர் இல்லை. எனக்கு அவர் மேல் வருத்தம் அங்கேதான். அடித்தது தவறு, அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. அந்தக் கேலியும் ஓங்கின கைதான்.

அதே வீடியோவை மகள் முழுசாகப் போட்டுப் பார்த்தாள். அறை வாங்கின கையோடு கிறிஸ் ராக் தன் வேலையை முடித்தாக வேண்டும். சிறந்த ஆவணப்படத்துக்கான விருதை அறிவிக்க வேண்டும். ஹார்லெமில் 1969-இல் நடந்த இசைவிழாவைப் பற்றிய படம். இயக்குநர் குவெஸ்ட்லவ் பெயரைச் சொல்லிவிட்டு, கூட "நாலு வெள்ளைக்காரர்கள்" என்றார். மேடையேறிய தயாரிப்பாளர்கள் மூன்று பேர்தான். அதில் ஒருவர் ஜோசஃப் படேல், இந்திய வம்சாவளி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வரும் நிமிஷத்தில், நெஞ்சு நிறையப் பெருமையோடு வந்த மனிதர், 'வெள்ளைக்காரர்' ஆகிப்போனார். அரங்கில் யாரும் அந்த விருதைக் கவனிக்கவும் இல்லை. அவர் பிறகு கோபத்தோடு அதைச் சொன்னார், நியாயமான கோபம்.

அந்த அரங்கு எனக்குத் தெரிந்த அரங்கு. 2009 பிப்ரவரியில் கோடாக் தியேட்டர் என்ற பெயரோடு இருந்தபோது, அங்கேதான் ஏ.ஆர். ரஹ்மான் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார். எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்து பார்த்தது. மகள் அப்போது என் வயிற்றில். அன்றைக்கு மாமியார் அழுதார், நானும் அழுதேன். பாய்ட்டியே படத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டின அக்காவின் அம்மாவும் இப்படித்தான் அழுதிருப்பார். படேலின் படத்தை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவர் உன் அண்ணன் மாதிரி இருக்கார். எப்படி வெள்ளைக்காரர் ஆனார்?" என்றார்.

ஏப்ரல் 1 அன்று வில் ஸ்மித், ஆஸ்கர் கொடுக்கிற அகாடமியிலிருந்து விலகினார். 8-ஆம் தேதி, பத்து வருஷம் விழாவுக்கு வரக்கூடாது என்று தடை போட்டார்கள். அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. நான் போட்ட கைதட்டலை அழிக்கப் போனேன், நேரம் கடந்துவிட்டதால் அழிக்க முடியவில்லை. கீழே நடந்ததை எல்லாம் எழுதினேன், ஓட்மீல் தாத்தா வரைக்கும். சித்தப்பா பதில் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் பண்ணினார். அம்மாவுக்கு ஐந்து வருஷம் முன்னால் மதுரையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினபோது முடி முழுக்கப் போனது. முந்தானையைத் தலையிலிருந்து எடுக்காமலே எட்டு மாதம் இருந்தார். கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னார். இப்போது நரைத்த முடி கழுத்து வரை வளர்ந்திருக்கிறது. டிவியில் பார்த்தேன் என்றார். நான் அறை, விருது, தடை என்று விவரம் சொல்லத் தொடங்கினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்டி. அந்தப் பொண்ணு பாவம், அங்கேயே உட்கார்ந்திருந்துச்சே. அதுக்கு முடி திரும்ப வருமாமா?"

தெரியலம்மா என்றேன்.

"புழுவெட்டுன்னா சின்ன வெங்காயம் தேய்ச்சா வரும். உன்கூட வேலை பார்க்குற பொண்ணோட அம்மாவுக்கும் சொல்லு. அங்கே சின்ன வெங்காயம் கிடைக்குதா?"

69-ஆம் தெருவில் பங்களாதேஷ்காரர் கடையில் கிடைக்கும் என்றேன். சனிக்கிழமை போய் ஒரு பை வாங்கினேன்.