நாலு பரப்பு

இன்று காலை விவசாய வீடுகளின் மாதிரிக் கணக்கெடுப்புப் படிவங்களைச் சரிபார்க்கையில், ஒன்றில் கை அப்படியே நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு வீடு, வெங்காயத் தோட்டம், காணி 4 ஏக்கர்.

அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஏக்கரோ? நாலு பரப்புத்தான் பிள்ளை" என்றார் வீட்டுக்கார ஐயா.

பரப்பு என்பது யாழ்ப்பாணத்துக் காணி அளவு, 16 பரப்பு ஒரு ஏக்கர். கால் ஏக்கர் 16 மடங்காகிப் போயிருக்கிறது. கணக்கெடுப்பில் தெரிவான ஒரு வீடு 200 வீடுகளுக்காகப் பேசுகிறது என்றால், இந்த ஒரு கட்டத்தால் மட்டும் மொத்தத்தில் 750 ஏக்கர் கூடிவிடும்!

அதற்காகப் பெரிதாகத் தெரிகிற எண்ணையெல்லாம் வெட்டவும் கூடாது. அடுத்த படிவத்திலும் 4 ஏக்கர். கேட்டேன், குத்தகைக் காணியும் சேர்த்து உண்மையாகவே 4 ஏக்கர்.

இன்னொரு வீட்டின் படிவத்தில் காணிக் கட்டம் வெறுமை, அழைப்பும் எடுபடவில்லை. சராசரியைப் போட்டால் சரி, வேலை முடிந்துவிடும். ஆனால் அப்படி நிரப்ப நிரப்ப வீடுகளெல்லாம் ஒரே மாதிரியாகி, எங்கள் மதிப்பீடு உள்ளதைவிட உறுதியாகத் தோன்றும். எனக்கு அது பொய் சொல்வது போல.

அதே ஊரில் அதே பயிர் செய்கிற ஒரு வீட்டின் விடையைக் கடன் வாங்கினேன். பக்கத்தில் 'நிரப்பியது' என்று குறி போட்டேன்.

ஐயாவின் பழைய 4 ஏக்கரையும் அழிக்கவில்லை. பக்கத்து நிரலில் 0.25.