குசினியை உடைக்கும் முன்

புதிதாகத் திருத்திய குசினியை, அதாவது சமையலறையை, காட்ட அழைப்பவர்கள், முன்கதவால் கூட்டிப்போய் அலுமாரிகளைத் திறந்து காட்டுவார்கள். எனக்கோ பின்பக்கம் போய்ப் பார்க்கத்தான் விருப்பம். கிணற்றடியில் நாலு கம்பும் பழைய தகரமுமாகச் சமைக்க ஒரு கொட்டில் முளைத்திருந்தால், உள்ளே கொட்டிய பணம் வீண் என்று விளங்கிவிடும். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியிலிருந்து கல்முனை வரை வீடு திருத்தும் வேலை செய்யும் எனக்கு, எந்தப் புத்தகத்தையும்விட இந்தக் கொட்டில்களே கூடுதலாகக் கற்றுத்தந்தன.

இந்தக் கரைக்கு இது பழைய கதை. 2004 சுனாமிக்குப் பிறகு எழுந்த வீடுகள் பெரும்பாலும் 500 சதுர அடி அளவில், ஒரே அச்சாக வரையப்பட்டவை. நான் பின்னர் திருத்தப் போனவற்றில், 'குசினி' என்று கட்டப்பட்ட அறைக்குப் புகைபோக்கியே இருக்காது. அங்கே நெல் மூட்டையும் சைக்கிளும் நின்றன. சோறு வெந்தது வெளியே, ஓலைக்குக் கீழே.

இப்போது வரைபடம் தொலைபேசியில் வருகிறது. கத்தாரிலோ கனடாவிலோ இருக்கும் மகன் ஒரு படம் அனுப்புவார்: சுவரில்லாத திறந்த குசினி, நடுவில் தனி மேடை, முகம் தெரியும்படி மினுங்கும் கதவுகள். பணம் அவருடையது, சமைப்பது தாய். காத்தான்குடியில் ஓர் உம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவாக இருக்கிறது மகன், ஆனால் நான் எங்கே குந்தித் தேங்காய் துருவுவது?" என்று கேட்டார். படத்தில் அதற்குப் பதில் இல்லை. மீன் வெட்டவும் அரிசி புடைக்கவும் தரையும் தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும். பின்வாசலோடு ஒட்டி, இரண்டடி உயரச் சுவரும் குழாயும் நீர் வடியும் சரிவும் உள்ள ஒரு சிறு பத்தியை (தாழ்வாரத்தை) முதலிலேயே வரைந்துவிட்டால், கொட்டிலுக்கு அவசியம் வராது.

அடுத்தது மேடையின் உயரம். படங்களில் வரும் மேடை 36 அங்குலம். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் அதில் வெங்காயம் வெட்டினாலே தோள் தூக்கும். அதன்மேல் கேஸ் அடுப்பையும் அடுப்பின்மேல் பானையையும் வைத்தால், கறிக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க வேண்டியதுதான். சமைப்பவரையே நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலு அங்குலம் கீழே சுவரில் கரிக்கோடு போடுவேன். அது வெட்டும் மேடை. அடுப்பு நிற்கும் பகுதியை, அடுப்பின் உயரம் அளவுக்கு இன்னும் இறக்குவேன். இடியப்ப உரலை அழுத்துவதும் அங்கேதான் வசதி, ஏனென்றால் உடம்பின் பாரம் மேலிருந்து இறங்க வேண்டும். டைலும் அதன் சாந்தும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் ஏறும். கொங்கிறீட் தட்டு வார்க்கும் முன்பே அதைக் கழிக்காத மேசன்மார் எத்தனையோ பேர்.

காற்றைப் பற்றி எந்தப் படமும் பேசாது. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடிக்கும். மேற்குச் சுவரில் அடுப்புக்கு நேரே ஜன்னல் வைத்தால் சுடர் சரிந்து பானையின் பக்கவாட்டைத்தான் சூடாக்கும். புகையிழுக்கும் இயந்திரத்தின் குழாயையும் அந்தப் பக்கம் விட்டால், போன புகை திரும்பி வரும். கிழக்கிலும் வடக்கிலும் விட்டால் மார்கழி மழை அதன் வழியே இறங்கும். ஆகவே பெரும்பாலும் தெற்குச் சுவர், குழாயின் வாய் கீழ்நோக்கி. வெளியே குழாயே போகாமல், கரி வடிகட்டியோடு காற்றை மறுபடி அறைக்குள்ளேயே விடும் இயந்திரத்தைச் சூடை மீன் பொரிக்கும் வீட்டுக்கு யாராவது பரிந்துரைத்தால், அவர் மீன் தின்னாதவராக இருக்க வேண்டும்.

விறகடுப்பை உடைக்க அவசரப்பட வேண்டாம் என்பேன். முன்பு சிரிப்பார்கள். 2022 இல் கேஸுக்கு வரிசையில் நின்றவர்கள் இப்போது சிரிப்பதில்லை. கேஸைப் பொறுத்தவரை, சிலிண்டரை அழகுக்காக மூடிய அலுமாரிக்குள் ஒளித்துவைப்பதுதான் எனக்குப் பெரிய பயம். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். 2021 இறுதியில் நாடெங்கும் சிலிண்டர் விபத்துகள் நடந்த பிறகும் ஓட்டையில்லாத கதவு கேட்கிறார்கள். வெளிச்சுவரோடு, கம்பி வலையிட்ட சிறு கூட்டுக்குள் வையுங்கள். அதற்கு இடமில்லையென்றால் அலுமாரிக் கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத் துளை கட்டாயம்.

பலகை விடயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்: மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, கழுவும் தொட்டிக்குக் கீழே நிற்காது. ஈரம் ஏறினால் ஊதிவிடும், கடற்காற்றில் இரும்புப் பிணைச்சலும் துருப்பிடிக்கும். கீழ்ப்பகுதிக்குக் கொங்கிறீட் தட்டும் அலுமினியக் கதவும் போதும். மினுங்கும் பலகையை மேலே மாட்டிக்கொள்ளலாம்.

கழிவுநீரைப் பற்றி எல்லாரும் கடைசியில்தான் கேட்பார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணலில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடும். கோடையில் பார்த்துத் தோண்டிய குழி அப்போது நிரம்பி நிற்கும், தொட்டித் தண்ணீர் இறங்காது. குழி ஆழமாக இருப்பதைவிட அகலமாக, மேலோட்டமாக, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். மீன் கழுவிய நீரும் எண்ணெயும் முதலில் தங்கி நிற்க ஒரு சிறு தொட்டியும் வேண்டும், அதன் மூடி கையால் திறக்கக்கூடியதாக.

காசு முட்டும் இடத்தில் எல்லாரும் குழாயையும் வயரையும் குறைத்துக் கதவுகளைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நான் அதை மாற்றிச் செய்யச் சொல்வேன். கதவில்லாத தட்டுக்குச் சீத்தைத் துணித் திரை போட்டு, அடுத்த வருடம் கதவு மாட்டலாம். டைல் ஒட்டிய சுவருக்குள் அடுத்த வருடம் குழாய் புதைக்க முடியாது.