பீரோவைச் சுவரோடு பிணைப்பது: நீலகிரி வீடுகளுக்கு

நீலகிரியில் நிலநடுக்கமா என்று கேட்பவர்கள் நிறைய. 1900 பிப்ரவரி 8ஆம் தேதி அதிகாலை 3 மணி வாக்கில் கோவைப் பக்கம் வந்த நடுக்கம் ஏறத்தாழ 6 அளவுள்ளது. நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்துக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 1893. அதன் 2016 பதிப்பும் நீலகிரியை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில்தான் வைத்திருக்கிறது. 1900இல் வந்தது எல்லோரும் தூங்குகிற நேரத்தில். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் நாங்கள் முதலில் பார்ப்பது படுக்கையறையைத்தான். கட்டிலில் படுத்தபடி சுற்றிப் பாருங்கள். சாய்ந்தால் உங்கள் மேல் விழக்கூடியது எதுவோ, வேலையை அதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது இரும்பு பீரோவாக இருக்கும்.

வழக்கமான பீரோ 78 அங்குல உயரம், 19 அங்குல ஆழம். 19ஐ 78ஆல் வகுத்தால் 0.24. தரையின் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 0.24 பங்கைத் தொட்டால் பீரோ சாயத் தொடங்கும். மூன்றாம் மண்டலத்துக்கு அந்த 2016 பதிப்பு வைத்திருக்கும் எண் 0.16. இதைப் பார்த்துத் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மாடியில் அதிர்வு பெருகும். மேல் தட்டில் பித்தளைப் பாத்திரம், கீழ்த்தட்டு காலி என்றால் இன்னும் சீக்கிரம் சாயும். செங்கல் வைத்து உயர்த்திய பீரோவுக்குக் கேட்கவே வேண்டாம். முதலில் செங்கல்லை எடுத்துவிட்டு, கனமானதையெல்லாம் கீழே இறக்குங்கள். இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது சுவர். இந்த வேலை நிற்பதும் விழுவதும் சுவரைப் பொறுத்துதான். டிரில் போடும்போது கொட்டும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், திருகு பிடிக்கும். வெள்ளையாகவோ மணலாகவோ வந்துகொண்டே இருந்தால் பூச்சிலோ இணைப்புக் கலவையிலோ போகிறீர்கள். இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். பழைய பங்களாக்களில் சுண்ணாம்புப் பூச்சே ஓர் அங்குலத்துக்குக் குறையாது. அங்கே கடையில் கொடுக்கும் சின்ன ராவல் பிளக் (திருகு பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) பூச்சுக்குள்ளேயே முடிந்துவிடும். கையால் இழுத்தாலே கட்டியாகப் பெயர்ந்து வரும். 10 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளம் உள்ள நைலான் பிளக், அதற்கேற்ற திருகு வாங்குங்கள். துளை பிளக்கைவிட 10 மி.மீ. ஆழமாக இருக்கட்டும். சைக்கிள் பம்பால் தூளை ஊதி வெளியேற்றுங்கள். தூள் தங்கினால் பிளக் பாதியில் முட்டி நின்றுவிடும்.

பழைய செங்கல்லில் இரும்பு ஆங்கர் போல்ட் வேண்டாம். அது விரியும்போது செங்கல்லைப் பிளந்துவிடும். கருங்கல் சுவராக இருந்தால் நேர்மாறு: ஆங்கர் போல்ட்டைக் கல்லின் நடுவில் இறக்கினால் அசையாது, கல்லுக்கு இடையிலுள்ள மண் சாந்தில் எதுவும் நிற்காது. இந்த மலைக் கல் கடினம். பிட் சூடேறும், விட்டுவிட்டுப் போடுங்கள். லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நடுச்சுவர் நாலரை அங்குலமாக இருந்தால் துளை 60 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு அந்த ஆழத்துக்கேற்ற சிறிய 8 மி.மீ. பிளக் போதும். டிரில்லின் ஹேமர் அடியை நிறுத்திவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பூச்சு உதிரும். ஹாலோ பிளாக்கில் பிட் திடீரென்று உள்ளே விழும். அந்தப் பொந்தில் சாதா பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். வலைக்குழாயுடன் கூடிய கெமிக்கல் ஆங்கர்தான் (பசை இறுகிப் பிடிக்கும் ஆங்கர்) வழி.

எந்தச் சுவராக இருந்தாலும் பீரோவை நேரடியாகச் சுவரில் பூட்டுவதைவிட, நடுவில் ஒரு பலகை கொடுப்பது நல்லது. நன்கு காய்ந்த மரம், 4 அங்குல அகலம், 1 அங்குல தடிமன், நீளம் பீரோவைவிட இருபக்கமும் ஓர் அடி கூடுதல். ரசமட்டம் வைத்துக் கிடைமட்டமாக, நல்ல செங்கல் கிடைக்கிற நான்கு இடங்களில் திருகுங்கள். பலகையின் கீழ்ப் பாதி பீரோவின் முதுகுக்குப் பின்னாலும், மேல் பாதி பீரோவுக்கு மேலேயும் தெரிய வேண்டும். மேல் பாதியில் இரண்டு எல் கிளாம்ப். மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும் ஊர் இது. பலகையின் தடிமனே பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டம் விடும், துணியில் பூஞ்சை குறையும். பலகையின் முதுகுக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள்.

பீரோவின் தகடு மெல்லியது. அதில் வெறும் திருகு போட்டால் ஓர் உலுக்கலில் கிழித்துக்கொண்டு வரும். 6 மி.மீ. போல்ட்டைக் கிளாம்பின் வழியாக மேலிருந்து இறக்கி, உள்பக்கம் 3 மி.மீ. இரும்புப் பட்டை வைத்து நட்டு முடுக்குங்கள். மர அலமாரியில் சட்டத்தில்தான் பூட்ட வேண்டும். முதுகுப் பிளைவுட் வெறும் மூடி. திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சாதா இரும்பு இந்த ஈரத்துக்குத் துருவேறும்.

சீலிங்குக்கும் அலமாரிக்கும் இடையில் முட்டுக் கொடுக்கும் கம்பிகள் கான்கிரீட் கூரைக்குத்தான் சரி. பலகைச் சீலிங்கில் அவை பலகையைத்தான் தூக்கும். பசை நாடாவும் டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டாது. வாடகை வீட்டில் துளை போட அனுமதி இல்லையென்றால் பீரோவைக் கட்டிலிலிருந்தும் கதவு வழியிலிருந்தும் அப்புறப்படுத்துங்கள். பழைய வீட்டில் கட்டிலைப் புகைபோக்கிச் சுவரின் அடியிலும் போடாதீர்கள். செங்கல் புகைபோக்கி முறிந்தால் தகரக் கூரை தாங்காது.

சமையலறையில் நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. சாய்வதைவிட நகர்ந்து டியூபை இழுப்பதுதான் ஆபத்து. உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் சங்கிலி சுற்றி, சுவரிலுள்ள கண் போல்ட்டில் கொக்கியால் மாட்டுங்கள். சிலிண்டர் மாற்றும்போது கழற்றச் சுலபம். ரெகுலேட்டரிலோ வால்விலோ எதையும் கட்டக் கூடாது. டியூப் விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் தளர்ந்திருக்கட்டும். கண்ணாடிப் பாட்டில் அடுக்கும் அலமாரிக்குக் காந்தப் பூட்டு போதாது, சின்னத் தாழ்ப்பாள் போடுங்கள்.

மழையில் ஊறிய மரம் ஜனவரிப் பனிக்காலத்தில் சுருங்கும். பலகைத் திருகுகள் அப்போது கால் சுற்று, அரைச் சுற்று தளர்ந்திருக்கும். பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கும்போது எல்லாத் திருகையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.