ஒரு நாள் முந்திய பிரேசில்

எங்கள் ஊர் முக்கில் இருபதடி நீளத்துக்கு ஒரு மஞ்சள் பிளெக்ஸ் நிற்கிறது. அதில் ஒரே ஒரு இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் போன யாரோ ஒருவரின் பெயரை மறைத்திருக்கிறார்கள் என்று நினைக்கலாம். அந்தக் காகிதத்துக்கு அடியில் இருப்பது என் மானம்.

எங்களுடையது கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை. நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை, ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்பது இங்கே பிறந்தவனுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் ஒரு பையன் கிரிக்கெட் மட்டையோடு நடந்துபோனால், "யாரு வீட்டுக்கு லீவுக்கு வந்திருக்க மக்கா?" என்று கேட்பார்கள். பந்து என்றால் காலால் உதைப்பதுதான். 2019-20இல் ஐஎஸ்எல் என்கிற இந்தியக் கால்பந்து லீக் கோப்பையை வென்ற கொல்கத்தாவின் ஏடிகே அணியில் இருந்த மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரையிலிருந்து போனவர். "நானும் அவனும் ஒண்ணா ஆடினவங்களாக்கும்" என்று சொல்கிறவர்களை மட்டும் எண்ணினால் நாலு அணி தேறும், மாற்று ஆட்டக்காரர்கள் உட்பட.

நான் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்தக் கணக்கு விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருட உலகக் கோப்பையை யார் திட்டமிட்டார்களோ தெரியாது, எங்கள் கடற்கரையைக் கேட்டுத்தான் தேதி வைத்திருக்கிறார்கள். மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். உலகக் கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. முழுசாக உள்ளே அடங்கிவிட்டது. சாதாரணமாக ஆழ்கடலில் கிடக்கிற ஆண்கள் எல்லோரும் வீட்டில். அவர்களுக்கு வேலை கிடையாது, கையில் காசு கிடையாது, வெளியே தென்மேற்குப் பருவமழை. ஊர்ப் பெண்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்ற யோசனை இப்படிப்பட்ட ஒரு மழை நாளில்தான் டீக்கடையில் பிறந்தது.

ஊரில் அர்ஜென்டினா ரசிகர்கள் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். பதினைந்தடி. அப்படியானால் பிரேசில் ரசிகர்களான எங்களுக்கு இருபது. தடைக்காலமாக இருந்தாலும் தலைக்கு நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார்கள், வீட்டில் சொல்லாமல். "இவனுக்குக் கணக்கு தெரியும், ஆட்ட நேரத்தை எல்லாம் நம்ம ஊர் நேரத்துக்கு மாத்தி எழுதட்டும்" என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள். பெருமையோடு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பிளெக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் இருந்த பையன் "மேல என்ன எழுதணும் அண்ணா?" என்று கேட்டான். "24 வருஷக் கணக்கு தீரப்போகுது" என்றேன். அவன் ஏதோ நிலத்தகராறு என்று நினைத்தான் போல. விளக்க வேண்டியதாயிற்று.

பிரேசில் 1970இல் ஜெயித்தது. அப்புறம் 24 வருடம் ஒன்றுமில்லை. 1994இல் அமெரிக்காவில் ஜெயித்தது. 2002இல் கடைசியாக ஜெயித்தது. அதிலிருந்து 24 வருடம் எண்ணினால் 2026, மறுபடியும் அமெரிக்கா. கனடாவும் மெக்சிகோவும் கூடச் சேர்ந்து நடத்துகின்றன என்பதை இந்த இடத்தில் நாங்கள் சொல்வதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 1994 இறுதி ஆட்டத்தில் பிரேசிலிடம் பெனால்டியில் தோற்ற இத்தாலி அணியின் துணைப் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி. இப்போது பிரேசிலின் பயிற்சியாளர் அவர்தான். அன்று கையைவிட்டுப் போனதை எடுக்க அதே நாட்டுக்கு, எங்கள் சட்டையோடு போகிறார். இதைவிட என்ன வேண்டும்? பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே "எழுத்து பச்சையா நீலமா?" என்று கேட்டான்.

2002 இறுதி ஆட்டத்தின்போது எனக்குப் பதினொரு வயது. ரொனால்டோ முன் நெற்றியில் மட்டும் ஒரு முக்கோண முடியை விட்டு மற்றதை மழித்துக்கொண்டு வந்து ஜெர்மனிக்கு இரண்டு கோல் போட்டார். நானும் சலூனில் போய் அப்படியே வெட்டிக்கொண்டு வந்தேன். அம்மா வாசலிலேயே பிடித்து, அப்பாவின் சவரக் கத்தியால் அந்த முக்கோணத்தையும் எடுத்துவிட்டாள். அன்றைக்குப் போன முடிதான். அதற்குப் பின் பிரேசிலும் ஜெயிக்கவில்லை. அம்மாவிடம் இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். "என் தலையில போடாத" என்பாள்.

சரி, ஆட்டங்களுக்கு வருவோம். பையன் தட்டத் தயாராக இருந்தான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பலகைக்கு வெறும் பெயரும் நேரமும் போதும். ஆனால் பிரேசில் ரசிகனுக்கு அப்படி நிறுத்தத் தெரியாது.

முதல் ஆட்டம் மொராக்கோ. வெளியில் நாங்கள் சொல்வது, "1998 உலகக் கோப்பையில 3-0ன்னு அடிச்சவங்கதானே". உள்ளுக்குள் நினைப்பது வேறு. 2022இல் அரையிறுதி வரை போன முதல் ஆப்பிரிக்க அணி இது. 2023 மார்ச்சில் ஒரு நட்பு ஆட்டத்தில் எங்களை 2-1 என்று தோற்கடித்து அனுப்பியவர்கள். வெளியில் நான் 2-0 என்று பந்தயம் கட்டியிருக்கிறேன். படுத்துக்கொண்டு யோசித்தால் 1-1 என்றுதான் வருகிறது.

இரண்டாவது ஹைட்டி. 1974க்குப் பிறகு இப்போதுதான் உலகக் கோப்பைக்கு வருகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் தனிப் பாசம். எங்களைப் போலவே பிரேசில் பைத்தியங்கள். 2004இல் பிரேசில் அணி அங்கே போய் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. ஆட்டக்காரர்களைக் கவச வண்டிகளில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள், தெருவெல்லாம் கூட்டம். சொந்த அணி 6-0 என்று தோற்றதற்கும் அவர்கள் வருத்தப்படவில்லை. இந்த ஆட்டத்தில் ஜெயிப்பதைப் பற்றிக் கவலை இல்லை. ஜெயித்தபின் அவர்கள் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

இதிலேயே ஒரு உபதகவலும் உண்டு. 2016 கோபா அமெரிக்காவில் ஹைட்டியை நாங்கள் 7-1 என்று ஜெயித்தோம். 2014இல் ஜெர்மனி எங்களுக்குக் கொடுத்த அதே 7-1. பன்னிரண்டு வருடமாக அந்த எண்ணைச் சொல்லியே எங்களைச் சாகடிக்கிறார்கள். ரயில் ஏழாவது பிளாட்பாரத்துக்கு வந்தாலும் சிரிக்கிறார்கள். "நாங்களும் 7-1 அடிச்சிருக்கோம்" என்று ஆதாரத்தோடு சொன்னால் எவனும் கேட்பதில்லை.

மூன்றாவது ஸ்காட்லாந்து. 1998க்குப் பிறகு முதல் உலகக் கோப்பை அவர்களுக்கு. அந்த 1998இலும் எங்கள் குரூப்தான், மொராக்கோவும் கூடவே. இதுவரை உலகக் கோப்பையில் நான்குமுறை மோதியிருக்கிறோம்: ஒரு டிரா, மூன்று வெற்றி. கடைசி வெற்றி அவர்களே தங்கள் வலைக்குள் போட்டுத் தந்த கோலில். ஆனால் ஐரோப்பிய அணி என்று கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். 2006 பிரான்ஸ், 2010 நெதர்லாந்து, 2014 ஜெர்மனி, 2018 பெல்ஜியம், 2022 குரோஷியா. ஐந்து முறையும் எங்களை வீட்டுக்கு அனுப்பியது ஐரோப்பாக்காரன்தான்.

"குரூப்ல ஃபர்ஸ்ட் வந்தா?" என்று பையன் கேட்டான். அவனுக்கும் சூடு பிடித்துவிட்டது. முதலிடம் வந்தால் அடுத்த ஆட்டம் எஃப் குரூப்பில் இரண்டாவதாக வரும் அணியோடு. அதில் நெதர்லாந்து இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது. போன அக்டோபரில் ஜப்பானிடம் 2-0 என்று முன்னால் இருந்து 3-2 என்று தோற்றோம். "அப்ப செகண்ட் வந்தா?" எஃப் குரூப்பில் முதலில் வரும் அணியோடு. அதாவது, அதே நெதர்லாந்து, அதே ஜப்பான். பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கீழே மூலையில் ஒரு கோப்பைப் படத்தைக் கூடுதல் காசு கேட்காமல் வைத்துத் தந்தான்.

நேரம் எழுதும்போதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அர்ஜென்டினாவின் ஆட்டங்கள் எல்லாம் மனிதன் விழித்திருக்கும் நேரத்தில்: அல்ஜீரியாவோடு காலை ஆறரை, ஆஸ்திரியாவோடு ராத்திரி பத்தரை, ஜோர்டானோடு காலை ஏழரை. எங்களுக்கு மொராக்கோவும் ஸ்காட்லாந்தும் அதிகாலை மூன்றரைக்கு. ரப்பர் வெட்டப் போகிறவன் எழும்பும் நேரம். குலசேகரத்துப் பக்கம் இருக்கிற பிரேசில் ரசிகர்களுக்கு வேண்டுமானால் வசதியாக இருக்கலாம்.

கணக்கைப் போட்டேன். அங்கே 13ஆம் தேதி மாலை ஆறு மணி. நமக்கு ஒன்பதரை மணி நேரம் கூட. ஆறோடு ஒன்பதரை, பதினைந்தரை, அதாவது அதிகாலை மூன்றரை. இரண்டு தடவை சரிபார்த்தேன். "ஜூன் 13, அதிகாலை 3:30" என்று தட்டச் சொன்னேன். பிளெக்ஸ் வந்தது, சாயங்காலம் ஏற்றினோம்.

ஏற்றும்போது கம்பியைப் பிடித்துத் தந்தவன் என் மச்சான். பெண்டாட்டியின் தம்பி, ஆழ்கடல் போட்டில் போகிறவன், பச்சை அர்ஜென்டினாக்காரன். பச்சை என்றால் நிறத்தில் இல்லை. எதிராளியை வைத்தா பிளெக்ஸ் கட்டுவது என்று ஒருவர் முணுமுணுத்தார். பிரேசிலின் மஞ்சள் சட்டையை வடிவமைத்ததே உருகுவே அணிக்குக் கைதட்டுகிற ஒரு ஆள்தான், இதில் என்ன வந்தது என்று நான் அவர் வாயை அடைத்தேன். மச்சான் கீழே இறங்கி, தூரப்போய் நின்று, பிளெக்ஸை மேலிருந்து கீழ் வரை வாசித்தான். ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து ஒரு படம் பிடித்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. 13ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, "பிரேசில்காரங்க சனிக்கிழமை வெளுப்புக்கு எழும்பி டிவிய போடுங்க. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு நாள் முன்னாடியே பயந்து முழிக்கணும்ல."

மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை மணி நேரம் தள்ளிப் போனால் நடுவில் ஒரு நடுராத்திரி வரும். நடுராத்திரி வந்தால் தேதி மாறும். ஏழு வருடமாகக் கணக்கு எழுதுகிறவனுக்கு அது தோன்றவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், ஸ்காட்லாந்து ஆட்டத்துக்குச் சரியாக 25 என்று எழுதியிருக்கிறேன். ஹைட்டிக்கும் 20 சரி. முதல் ஆட்டத்துக்கு மட்டும் மூளை தூங்கிவிட்டது.

அடுத்த அரை மணி நேரத்தில் அறுபத்து மூன்று செய்திகள். ஒருவர் எனக்குக் காலண்டர் படம் அனுப்பினார். மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா குரல் பதிவில் வெறுமனே சிரித்திருந்தார், நாற்பது விநாடி. என் ஒன்பது வயது மகன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தான். அவனும் அர்ஜென்டினாதான். என்ன செய்ய, அவன் பிறந்ததிலிருந்து உலகக் கோப்பையில் பிரேசில் காலிறுதியைத் தாண்டியதே இல்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பிளெக்ஸை மாற்ற இனி காசில்லை. மறுநாள் மழையில் ஏணி வைத்து ஏறி, கெட்டி அட்டையில் 14 என்று எழுதி ஒட்டினேன். அன்று சாயங்காலமே காற்றில் பறந்து ஒரு மீன் கூடையில் விழுந்தது. இரண்டாவது முறை டேப் போட்டேன், ஒரு ஓரம் கிளம்பி ஆடியது. இப்போது இருப்பது மூன்றாவது. அதையும் மச்சான்தான், வள்ளத்தில் ஓட்டை அடைக்கிற பசையைக் கொண்டுவந்து ஒட்டித் தந்தான். "இது கடல்லயே போகாது மச்சான், மழையில போகுமா?" என்றான். போகவில்லை. ஆனால் எழுத்து நீலத்தில் இருக்கிறது, வெள்ளைக் காகிதத்தில் நீலம். இருபதடி பிரேசிலின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு அர்ஜென்டினாக் கொடி. நான் கவனிக்குமுன் பசை காய்ந்துவிட்டது.

வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை அதிகாலைக்கான ஏற்பாடு நடக்கிறது. கரண்ட் போனால் யார் வீட்டு இன்வெர்ட்டர், சாயாவுக்குப் பால் யார் கொண்டுவருவது, எல்லாம் முடிவாகிவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு பாதியிலும் ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்க மூன்று நிமிடம் நிறுத்துவார்களாம். அதில் கட்டன் சாயா போட்டுவிடலாம் என்கிறாள் மனைவி. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "மூணரைக்குத் தொடங்கினா எப்ப முடியும்?" என்று கேட்டாள்.

"அஞ்சரை ஆகும்மா."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழமைதான். நல்லா பாத்தாச்சு."

"முதல் பூசை அஞ்சரைக்குத்தான். எல்லாவனும் அப்படியே எழும்பி கோயிலுக்கு வாங்க. ஜெயிச்சாலும் அங்க வேலை இருக்கு, தோத்தாலும் இருக்கு."

தண்ணி குடிக்க நிறுத்துவதால் ஐந்து, பத்து நிமிடம் கூடப் போகும் என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "செரி, பிரசங்கத்துக்குள்ள வந்தாப் போதும்."